அறுந்தது செயின்தான், வாட்ச் அல்ல

“விலை கூடின வாட்ச். உள்ளூர்க் கடையில் கொடுத்துக் கெடுத்துக்காதே, கம்பெனிக்கு அனுப்பு.” திருவண்ணாமலையில் ஒருவருடைய ரோலெக்ஸோ ஒமேகாவோ செயின் விட்டுப்போய்க் கையிலிருந்து நழுவினால், அன்று மாலைக்குள் நாலு பேராவது இதைச் சொல்லிவிடுவார்கள். நகைக்கடைக்காரர் சொல்வார். துபாயிலிருந்து லீவில் வந்திருக்கும் மச்சான் சொல்வார். வாட்ச்சே கட்டாதவர்கூடச் சொல்வார். இது தவறான அறிவுரை. அக்கறையோடு சொல்லப்படுவதால் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. கேட்காததால்தான் இது இவ்வளவு தூரம் வேரூன்றியிருக்கிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு முன்வைத்துவிடுகிறேன். லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய பொருள் இது. இதன் அசல் பாகங்கள் கம்பெனியிடம் மட்டுமே இருக்கின்றன. வெளியாள் கை பட்டால் வாரண்டி போய்விடும். கம்பெனியுடையதல்லாத பாகம் ஏறிவிட்டால், நாளைக்கு சர்வீஸ் சென்டரே வாட்ச்சைத் தொட மறுக்கலாம். பழக்கமில்லாத கருவி பட்டால் கீறல் விழும். அசல் கண்ணியை எடுத்துக்கொண்டு வேறொன்றை மாட்டிவிட்டால் உங்களுக்குத் தெரியப்போவதும் இல்லை. விற்கும்போது இவை அத்தனையும் விலையில் இடிக்கும். எனவே சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்பு. புதுச் செயின் போடச் சொன்னால் போட்டுக்கொள். பழசை ஒட்டுப்போடுவது இந்தத் தரத்து வாட்ச்சுக்கு அழகல்ல.

இதில் வாரண்டி விஷயத்தைத் தகராறில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். ரோலெக்ஸும் ஒமேகாவும் இப்போது ஐந்து வருட வாரண்டி தருகின்றன. அந்தக் காலத்துக்குள் செயின் விட்டுப்போனால் நேரே கம்பெனிக்குப் போவதுதான் சரி. ஆனால் இந்த ஊரில் செயின் அறுந்து வரும் வாட்ச்சுகளில் பெரும்பாலானவை பத்து, இருபது, முப்பது வருடம் உழைத்தவை. வாரண்டி எப்போதோ முடிந்துபோன வாட்ச்சுக்கு வாரண்டியைக் காட்டிப் பயமுறுத்துவது வாதமாகாது. மற்றவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

1. செயினில் கை வைப்பது இயந்திரத்தில் கை வைப்பதல்ல.

இந்த ஒரு குழப்பத்தின் மேல்தான் மொத்தப் பயமும் நிற்கிறது. வாட்ச்சின் உயிர் கேஸுக்குள் இருக்கிறது. பின்மூடியும் ரப்பர் வளையமும் சாவித் திருகும் சேர்ந்து தண்ணீரும் தூசியும் உள்ளே போகாமல் காக்கின்றன. செயின் இதற்கு முழுக்க வெளியே இருக்கிறது. கேஸிலிருந்து நீளும் இரண்டு ஜோடிக் கொம்புகளுக்கு நடுவே இரண்டு புஷ் பின்கள். செயினுக்கும் வாட்ச்சுக்கும் உள்ள உறவு அவ்வளவுதான். செயினைச் சரிசெய்ய யாரும் பின்மூடியைத் திறக்க வேண்டியதில்லை, திறக்கவும் கூடாது. “தண்ணி போயிடும், மெஷின் போயிடும்” என்று சொல்பவர்கள் வேறொரு வேலைக்கான பயத்தை இந்த வேலையின் மேல் ஏற்றிவிடுகிறார்கள்.

உண்மையான ஆபத்து ஒன்று உண்டு. வாட்ச்சைக் கழற்றாமல் செயினோடு வைத்துக்கொண்டே சுத்தியலால் பின்னைத் தட்டினால், அந்த அதிர்ச்சி இயந்திரத்துக்குப் போகும். வேலை தெரிந்தவர் முதலில் புஷ் பின்னை அமுக்கி, வாட்ச்சைத் தனியே எடுத்துத் துணியில் வைத்துவிட்டுத்தான் செயினைத் தொடுவார். அப்படிச் செய்யாதவரிடமிருந்து வாட்ச்சை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். பார்க்க வேண்டியது அவருடைய கையை. கடை எந்த ஊரில் இருக்கிறது என்பது இங்கே ஒரு பொருட்டே அல்ல.

2. எது போனது என்று பார்க்காமலே தீர்ப்பு எழுதப்படுகிறது.

செயின் “அறுந்துவிட்டது” என்று வரும் வாட்ச்சுகளில் உலோகம் உடைந்திருப்பது அபூர்வம். பெரும்பாலும் போயிருப்பது புஷ் பின். ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் தடிமனில் ஒரு குழாய். உள்ளே ஒரு ஸ்பிரிங். இரண்டு பக்கமும் அமுங்கும் முனைகள். அந்த முனை தேய்ந்தோ துருப்பிடித்தோ ஒடிந்தால் பத்து லட்ச ரூபாய் வாட்ச்சும் தரையில்தான் விழும். அந்தப் பின் மாற்றுவதற்காகவே செய்தது போல எளிமையானது. நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், சரியான நீளத்திலும் தடிமனிலும் ஒன்றைப் போட்டால் வேலை முடிந்தது.

அடுத்தது கண்ணிகளைக் கோக்கும் பின். இதில் மூன்று வகை சாதாரணமாகப் பார்க்கலாம். நுனி பிளந்த பின் ஒன்று. கண்ணியின் உட்புறத்தில் பொறித்திருக்கும் அம்புக்குறி எந்தப் பக்கம் தள்ளிக் கழற்ற வேண்டும் என்பதைக் காட்டும். மாட்டும்போது அதற்கு எதிர்த்திசையில், பிளவு கடைசியில் போகும்படி தட்ட வேண்டும். இரண்டாவது, சீகோ போன்ற ஜப்பான் வாட்ச்சுகளில் வரும் பின். அதன் நடுவே கடுகைவிடக் கொஞ்சம் பெரிய குழாய் ஒன்று பின்னைக் கவ்விப் பிடித்திருக்கும். கழற்றும்போது அது மேஜையில் உருண்டு தொலைந்துபோகும். தொலைந்தது தெரியாமல் பின்னை மட்டும் மாட்டினால் இரண்டே நாளில் மறுபடி விட்டுப்போகும். “லோக்கல்ல போட்டேன், நிக்கல” என்ற புகார்களில் பல இந்தக் குழாயால் வந்தவை. மூன்றாவது திருகு. ரோலெக்ஸின் ஆய்ஸ்டர் செயினில் கழற்றக்கூடிய கண்ணிகள் திருகால் நிற்கின்றன. வியர்வையிலும் அசைவிலும் அது மெல்ல மெல்லப் பின்வாங்கும். வாய் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரும், பிறகு கழற்றக்கூடிய நீல நிற லாக்டைட் பசை ஒரு துளியும் போதும். சிவப்பைப் போட்டால் அடுத்தவர் கழற்றும்போது திருகின் தலை போகும்.

இவை எதுவும் ரகசிய வித்தை அல்ல. தேரடி வீதிப் பக்கம் ஒரு கடையில், ஜூபிலி செயின் போட்ட பழைய ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட் ஒன்றுக்கு நடந்த வேலையை முழுதாக நின்று பார்த்திருக்கிறேன். கடைக்காரர் கண்லென்ஸை மாட்டிக்கொண்டு முதலில் செய்தது கழுவுதல். இளஞ்சூட்டுத் தண்ணீரில் துளி சோப்பு, பழைய மென்மையான பிரஷ். கண்ணி இடுக்குகளிலிருந்து சாம்பல் நிறச் சேறு கசிந்து வந்தது. பல வருடத்து வியர்வை, கிரிவலப் பாதையின் புழுதி, சட்டைக்கை மடிப்பில் இருந்து இறங்கிய விபூதி. சாம்பலால் பாத்திரம் துலக்கிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சேறு உலோகத்தை என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு அசைவிலும் பின்னையும் துளையையும் அரைக்கிறது. கழுவிய பிறகுதான் தெரிந்தது, புஷ் பின்னின் ஒடிந்த முனை கொம்பின் துளைக்குள்ளேயே மாட்டியிருந்தது. அதை மெல்லிய ஊசியால் நெம்பி எடுத்தார். புதிய பின்னை வெர்னியரில் அளந்தார். முதலில் எடுத்தது தடிமன் குறைவு என்று ஒதுக்கிவிட்டு இன்னொன்றைத் தேடினார். கொம்பின் உட்பக்கம் டேப் ஒட்டிவிட்டு மாட்டினார். மாட்டியதும் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். ஏசி ரூமில் வெள்ளைக் கோட்டு போட்டவர் இந்த வேலையில் இதைவிட வேறென்ன செய்திருப்பார்?

எல்லா வேலையும் அந்தக் கடையில் ஆகிவிடும் என்று நான் சொல்லவில்லை. பழைய செயின் தொய்ந்து நீண்டுபோவதைப் பார்த்திருப்பீர்கள். உலோகம் நீளவில்லை, பின் இளைத்து, துளை அகன்றிருக்கிறது. கண்ணி கண்ணியாகப் பிரித்து, துளைக்குள் புதுக் குழாய் செருகி, தேவையான இடத்தில் லேசரால் ஒட்டிச் சரிசெய்யும் பட்டறைகள் இருக்கின்றன, அது தனித்தொழில். அதே மாதிரி ஸ்டீல் கண்ணியைப் பத்தரிடம் கொடுத்துத் தீயில் பற்றவைக்கச் சொல்வதும் தவறு. நிறம் மாறும், ஒட்டு நிற்காது. அதனால் சரியான கேள்வி “கம்பெனியா, உள்ளூரா?” என்பதே அல்ல. பின்னா, திருகா, லாக்கா, துளையா? அதைக் கேட்டுவிட்டால் யாரிடம் போக வேண்டும் என்பது தானே தெரிந்துவிடும்.

3. அசலைக் காப்பாற்றுவது பழுதுபார்ப்புதான், மாற்றுவது அல்ல.

மறுவிற்பனை மதிப்பு பேசுபவர்கள் தங்கள் வாதத்தைத் தாங்களே வெட்டிக்கொள்ளும் இடம் இது. பழைய வாட்ச் வாங்குபவர் தேடுவது அந்த வருடத்து வாட்ச்சோடு வந்த அந்த வருடத்துச் செயினைத்தான். பழைய ரோலெக்ஸ் செயின்களில் லாக்கின் உட்புறம் தயாரிப்புக் காலத்தைக் காட்டும் குறியீடு பொறித்திருக்கும். முனைக் கண்ணியில் மாடல் எண் இருக்கும். அவை வாட்ச்சின் வயதோடு பொருந்துகின்றனவா என்று லென்ஸ் வைத்துப் பார்த்துத்தான் விலை சொல்கிறார்கள். பத்து ரூபாய் சமாச்சாரமான ஒரு பின் போனதற்காக அந்தச் செயினையே கழற்றிக் கொடுத்துவிட்டு, புத்தம் புதிதாக ஒன்றை மாட்டிக்கொள்வது மதிப்பைக் காப்பதா, அழிப்பதா? மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தராத கம்பெனிகளும் உண்டு. கையெழுத்துப் போடுமுன் அதைக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

“கம்பெனி செய்த செயினை வெளியாள் தொடக் கூடாது” என்கிறார்கள். அந்தச் செயின்களையே வெளியாள்தான் செய்துகொண்டிருந்தார். ஜெனிவாவின் கே ஃபிரேர் என்ற செயின் நிறுவனம் ரோலெக்ஸுக்கும் படேக் பிலிப்புக்கும் ஒடெமார் பிகேவுக்கும் பல பத்தாண்டுகள் செயின் செய்து கொடுத்தது. 1972-ல் வந்த ஒடெமார் பிகேயின் ராயல் ஓக் வாட்ச்சின் புகழ்பெற்ற செயினும் அவர்களுடையதுதான். ரோலெக்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கியது 1998-ல். அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் தயாரான ரோலெக்ஸ் செயின்களும் ஒரு காலத்தில் இருந்தன. இன்று அவற்றைச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

துளைக்குள் குழாய் செருகுவதை ஒட்டுப்போடுதல் என்று இகழ்பவர்களுக்கும் ஒரு தகவல். தங்கம், பிளாட்டினத்தில் செய்யும் பிரெசிடென்ட் செயின்களின் கண்ணிகளுக்குள் ரோலெக்ஸே இப்போது பீங்கான் குழாய்களைப் பொருத்துகிறது. தேய்மானம் எங்கே நடக்கிறது, அதற்கு மருந்து என்ன என்பதைக் கம்பெனி ஒப்புக்கொண்டிருக்கிறது. பழைய செயினுக்குப் பட்டறைக்காரர் செய்வதும் அதே தத்துவத்தில்தான்.

2017 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த ஏலத்தில் நடிகர் பால் நியூமேனின் ரோலெக்ஸ் டேடோனா 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் போனது. அது ஏலத்துக்கு வந்தது அகலமான தோல் பட்டையோடு. அவர் புகழுக்கான விலை அது, எல்லா வாட்ச்சுக்கும் பொருந்தாது, உண்மை. ஆனால் அசல் செயின் இல்லையென்றால் மதிப்பு குறையலாம், வாட்ச்சே செத்துவிடாது என்று அது காட்டுகிறது. ராயல் ஓக், படேக் பிலிப்பின் நாட்டிலஸ் போன்றவற்றில் செயினும் கேஸும் ஒரே வடிவமாக இணைந்தவை, சந்தையில் கிடைக்கும் சாதாரணப் பட்டை பொருந்தாது. அங்கே பழுதுபார்ப்புக்கு இன்னும் கூடுதல் நியாயம் இருக்கிறது.

பழுதான பாகத்தை மாற்றினாலும் பொருள் அதே பொருள்தான் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குப் புரியாத விஷயமும் அல்ல. அருணாசலேசுவரர் கோவில் பெரிய தேரின் பழுதான மரங்களை மாற்றி, 2024 கார்த்திகைத் தீபத்துக்கு முன்பு வெள்ளோட்டம் விட்டார்கள். இது பழைய தேர் அல்ல என்று வடத்தை விட்டவர் யாரும் இல்லை.

4. நம்பிக்கைக்கு வழி உண்டு. சந்தேகத்தை ஒரு தரப்புக்கு மட்டும் ஒதுக்குவது நியாயமில்லை.

கண்ணியை மாற்றி எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தைச் சிரித்து ஒதுக்க மாட்டேன். அப்படி நடக்கிறது. அதற்கு மருந்து, வாட்ச்சை இருநூறு கிலோமீட்டர் தூரம் பார்சலில் அனுப்புவதா? கடையில் உட்கார்ந்து, கண் எதிரே வேலை நடப்பதைப் பார்ப்பதா? லாக்கின் உட்புறக் குறியீடு, முனைக் கண்ணியின் எண், கண்ணிகளின் எண்ணிக்கை, ஏற்கெனவே இருக்கும் கீறல்கள் ஆகியவற்றைக் கொடுக்குமுன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பின்னைக் கேட்டு வாங்குங்கள். கவுன்டரில் கொடுத்துவிட்டு ரசீதோடு திரும்பும் இடத்தில், யார் தொட்டார், என்ன செய்தார் என்பது உங்களுக்குக் கடைசிவரை தெரியாது. எனக்கே தெரிந்த ஒருவருடைய செயின் ஒரு சர்வீஸ் சென்டரிலிருந்து பளபளவென்று திரும்பியது. கேட்காமலே பாலிஷ் போட்டிருந்தார்கள், ஓரங்களின் கூர்மை போய்விட்டிருந்தது. அரைத்து எடுத்த உலோகத்தைத் திருப்பி ஒட்ட முடியாது. அந்தத் தவறு உள்ளூர்க் கடையில் நடந்திருந்தால் ஊரே பாடமாக எடுத்துச் சொல்லியிருக்கும்.

5. இந்த அறிவுரையின் விலையை யாரோ கொடுக்கிறார்கள்.

ரோலெக்ஸ், ஒமேகா சர்வீஸ் சென்டர் எதுவும் திருவண்ணாமலையில் இல்லை. ஒரு புஷ் பின்னுக்காகச் சென்னை போய் வர ஒரு முழு நாள். போக நேரமில்லாதவர் வாட்ச்சை பீரோவில் வைக்கிறார். அது அங்கேயே கிடக்கிறது. உள்ளே எண்ணெய் கெட்டிப்படுகிறது. இது ஒருவருடைய நஷ்டம். இன்னொன்று தெருவின் நஷ்டம். ஸ்டீல் செயின் வேலை தெரிந்தவருக்கு அந்த வேலை வராமல் போனால், பேட்டரி மாற்றுவதும் பட்டை விற்பதும் மட்டுமே மிஞ்சும். அந்த வருமானத்தை நம்பி எந்தப் பையன் கண்லென்ஸ் மாட்டிக்கொள்வான்? வேலையைக் கொடுக்காமல் வைத்துவிட்டு “உள்ளூரில் ஆள் இல்லை” என்று சொல்வது, அறிவுரை தானே தனக்குச் சாட்சியை உண்டாக்கிக்கொள்ளும் விதம்.

6. கம்பெனி வாட்ச்சைவிட நீண்ட ஆயுள் கொண்டது என்று யார் சொன்னது?

எச்எம்டி 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கூட்டோடு பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. அதன் வாட்ச் நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதன் ஜனதா வாட்ச்சுகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. யாரால்? ஒரு காலத்தில் நம் ஊர்ப் பண்ணையார் கைகளில் அந்தஸ்தாக மின்னிய ஃபேவர் லூபா 1737-லிருந்து தன் வரலாற்றைச் சொல்லும் சுவிஸ் பெயர். 2011-ல் ஓசூர் ஆலைக்குச் சொந்தக்காரர்களான டைட்டன் அதை வாங்கியது. 2023-ல் அதுவும் கைமாற்றிவிட்டது. பெயர் கைமாறிய அத்தனை காலமும் தாத்தாக்களின் ஃபேவர் லூபாக்களுக்குப் பின்னும் பல் சக்கரமும் தேடிப் போட்டவர்கள் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து, கோவில் தெருக் கடைக்காரர்கள். கம்பெனி ஒன்றையே நம்பச் சொல்பவர்கள் இந்த வரலாற்றுக்குப் பதில் சொல்லட்டும்.

7. பாகம் கிடைக்காதது இயற்கை விதி அல்ல. அது ஒரு முடிவு.

“அசல் பாகம் கம்பெனியிடம் மட்டும்தான் இருக்கிறது” என்பது உண்மை. ஏன் அப்படி என்று யாரும் கேட்பதில்லை. விற்க மறுப்பதால்தான். ஐரோப்பிய வாட்ச் பழுதுபார்ப்பாளர் சங்கங்களின் கூட்டமைப்பு 2004-ல் இதே புகாரோடு ஐரோப்பிய ஆணையத்திடம் போனது. 2008-ல் ஆணையம் புகாரைத் தள்ளியது; 2010-ல் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது; மறு விசாரணைக்குப் பின் 2014-ல் ஆணையம் மறுபடி தள்ளியது, 2017-ல் நீதிமன்றம் அதை ஏற்றது. சட்டம் அங்கே கம்பெனிகள் பக்கம் நின்றதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பாகம் கொடுக்காமலிருக்கக் கம்பெனிக்கு இடமுண்டு என்பது வேறு. வெளியே இருப்பவர் எவருக்கும் தொழில் தெரியாது என்பது வேறு. நம் ஊர் அறிவுரை முன்னதை எடுத்துப் பின்னதாக ஆக்கிவிட்டது.

இந்தியாவில் வேறு மாதிரி நடந்திருக்கிறது. சுயேச்சையான மெக்கானிக்குகளுக்கு உதிரிபாகங்களும் சோதனைக் கருவிகளும் கிடைக்காமல் செய்ததற்காக, 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அபராதம் மேல்முறையீடுகளுக்குப் போனது. ஆனால் “எங்கள் ஆட்கள் தவிர யாரும் தொடக் கூடாது” என்ற ஏற்பாடு கேள்விக்கு அப்பாற்பட்டதல்ல என்பது அன்று பதிவானது. 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், மொபைலும் மின்னணுச் சாதனங்களும், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். கைக்கடிகாரம் அதில் இல்லை.

அதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்பது பெரிதும் அல்ல. இயந்திரத்தின் உள்பாகங்களைப் பற்றிய சண்டை தனியே நடக்கட்டும். புஷ் பின், கண்ணிப் பின், திருகு, லாக்கின் ஸ்பிரிங், ஒற்றைக் கண்ணி ஆகிய ஐந்தையும் பாக எண்ணோடும் விலையோடும் யார் கேட்டாலும் கவுன்டரில் விற்க வேண்டும். மாற்றிய பழைய செயினை உரிமையாளரிடமே திருப்பித் தர வேண்டும். அதுவரை, உங்கள் செயின் விட்டுப்போனால் முதலில் கழுவச் சொல்லுங்கள். பிறகு எது போயிருக்கிறது என்று லென்ஸ் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பின் மட்டும்தான் என்றால், அங்கேயே உட்கார்ந்து போட்டுக்கொண்டு வாருங்கள்.